ஷிஃப்ட் பார்க்கும் வாயு

அத்தியாயம் 6

"ஐயா, இன்னும் ரெண்டு ட்யூப் பூசினீங்கன்னா படிக்கட்டே அடைபட்டுடும். அப்புறம் கீழ இருக்கிறவங்க எந்த வழியா வெளிய வருவாங்க?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. வீட்டுக்காரர் போங் கிசோல் மண்டி போட்டு, படியோரத்து வெடிப்பில் வெள்ளைப் பசையை அப்பிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது. நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டிடெக்டிவ் வேணும்னு போன் பண்ணா கோமாளியை அனுப்பி வச்சிருக்காங்களே."

"டிடெக்டிவ் நான்தான்," என்றார் எனக்குப் பின்னால் நின்ற ஹேரான் மேடம். "கோமாளி இலவசம்."

பியோன் ஹேரான் என் முதலாளி. இருபது வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, அப்புறம் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் மேங் சாங்கு. வண்டி ஓட்டுவேன், படம் எடுப்பேன், மேடத்துக்குப் பேசப் பிடிக்காதவர்களிடம் பேசுவேன். இதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் "மேடை நிகழ்ச்சி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

சியோலின் வடக்கே பாறை மலையைக் குடைந்து கட்டிய தெரு அது. போங்குடையது செங்கல் வீடு. மாடியில் அவர் குடும்பம், பூமிக்குள் பாதி புதைந்த அடித்தளத்தில் வாடகைக்கு இருப்பது தாக் சுனிம் என்ற அம்மா. அந்த அடித்தள அறையில்தான் விவகாரம். பாறையிலிருந்து கசியும் ரேடான் என்ற வாயு அங்கே அளவுக்கு மேல் நிற்கிறதாம். நிறமில்லை, வாடையில்லை. வருஷக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைத் தின்றுவிடும். வட்டார அலுவலகம் இரவல் கொடுத்த அளவுக் கருவி நானூறைத் தாண்டிக் காட்டுகிறது. நூற்று நாற்பத்தெட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

"நான் செய்யாதது என்ன, சொல்லுங்க," என்றார் போங். "தரையைப் பேத்தேன். கெட்டி பிளாஸ்டிக் விரிச்சேன். வெடிப்பு எல்லாத்தையும் அடைச்சேன். தரைக்கு அடியில குழாய் போட்டு, வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல தள்ள மின்விசிறி வச்சேன். அப்பவும் அதே நானூறு. அந்தம்மா எம்மேல புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க. இந்தத் தெருவுல முப்பத்தொரு வருஷமா இருக்கேன். இப்ப காய்கறிக் கடைக்காரி மூக்கைப் பொத்திக்கிட்டு முள்ளங்கி எடுத்துத் தர்றா. தலை நிமிந்து நடக்க முடியலை."

சொல்லும்போது அவர் கழுத்து வரைக்கும் சிவந்துபோனது. வேறு சமயமாக இருந்தால் முள்ளங்கியை வைத்து ஏதாவது சொல்லியிருப்பேன். மனசு வரவில்லை.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் மேடம்.

"வேற யாரு, அந்தம்மாதான். புருஷனைக் கவனிக்க மூணு நாள் ஆஸ்பத்திரியில தங்கினாங்க. அந்த மூணு நாளும் எண் அறுபதைத் தாண்டலை. திரும்பி வந்த அன்னைக்கே நானூறு. அவங்க இருந்தா ஏறுது, இல்லைன்னா இறங்குது. கருவியில ஏதோ தில்லுமுல்லு பண்றாங்க. நீங்க கையும் களவுமாப் பிடிச்சுக் கொடுங்க."

சுனிம் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். ஐம்பத்தேழு வயது இருக்கும். சந்தைப் பக்கம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள விற்கும் ஒரு பக்கவுணவுக் கடையில் தாமரைக் கிழங்கு வதக்கி, நெத்திலி வறுத்துக் கொடுக்கும் வேலை. வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கேட்டது இதுதான்:

"வாடை அடிக்குதுங்களா?"

"இல்லைக்கா," என்றேன். அடித்தது. ஈரச் சுவருக்கும் வாசனை மெழுகுவத்திக்கும் நடுவே ஒரு வாடை.

"வீட்டுக்கு யாரையும் கூப்பிட்டதில்லை. கடையில கூட, நான் மூணாவது மாடியில இருக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்." அவர் தரையைப் பார்த்தே பேசினார். பார்லித் தண்ணீரை எங்கள் முன்னால் வைத்தார். "மேடம், வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புறாங்க. நுரையீரல்ல ஒரு பக்கத்தை எடுத்துட்டாங்க. எண் இறங்கலைன்னா இங்க கூட்டிட்டு வரக்கூடாது, பராமரிப்பு விடுதியில சேருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அங்க போனா நான் செத்துருவேன்னு அவரு அழுவுறாரு. நான் எதுக்குங்க எண்ணை ஏத்தப் போறேன்?"

அன்று புதன்கிழமை. இடையில் ஒரு நாள்தான்.

மேடம் மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியை உருவிப் பார்த்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

"எப்பவும் இவ்வளவுதானா?"

"முன்னெல்லாம் ஒரு நாளைக்கு மூணு தடவை கொட்டுவேன். அரிசி மூட்டையில பூஞ்சை பிடிக்கும். ஐயா தரையைச் செஞ்ச பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கொட்டினாப் போதும்."

எங்களோடு இறங்கி வந்து வாசலில் நின்ற போங்கின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மேடம் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்துக்குப் போய், அதிலிருந்த சின்ன சோதனைத் துளைக்கு நேரே ஒரு காகிதக் கைக்குட்டையைப் பிடித்தார். சரக்கென்று ஒட்டிக்கொண்டது. மின்விசிறி ஒழுங்காக உறிஞ்சுகிறது.

"சாங்கு, ஈரமும் வாயுவும் தரையில எந்த வழியா வரும்?"

"ரெண்டுக்கும் ஒரே வெடிப்புதான் மேடம்."

"ஈரம் நின்னுருச்சு. வாயு மட்டும் ஏன் நிக்கலை?"

"அதுகிட்ட தனிச் சாவி இருக்கோ என்னவோ."

"அல்லது அது தரை வழியா வரவே இல்லையோ என்னவோ," என்றார் மேடம். "அக்கா, கருவியோட கணக்கு உங்க போன்ல ஏறுதில்ல? காட்டுங்க."

மணிக்கு மணி பதிந்த எண்கள். இரவு பத்துக்கு மேலே ஏறி, காலை ஆறுக்கு மளமளவென்று இறங்கும். தினமும் அதே கதை. ராத்திரி ஜன்னலை அடைக்கிறார்கள், வாயு தங்குகிறது என்று வட்டார அலுவலகத்து ஆளும் சொல்லியிருக்கிறார். மேடம் விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். அறுவடைத் திருநாளுக்கு முந்தின வாரம். அந்த நாலு நாள் மட்டும் ராத்திரி முழுக்க அறுபது. காலை எட்டு மணிக்கு ஏறி, பிற்பகல் இரண்டுக்கு இறங்கியிருக்கிறது.

"இந்த வாரம் என்ன நடந்துச்சு?"

"திருநாள் சமையல்ங்க. ராத்திரியெல்லாம் கடையிலதான். காலையில வந்து படுப்பேன்."

"ஜன்னல்?"

"பகல்ல அடைச்சா மூச்சு முட்டும். திறந்துதான் வச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், இந்த வாயு நைட் ஷிஃப்ட், டே ஷிஃப்ட் மாத்தி மாத்திப் பாக்குது. திருநாளுக்குப் போனஸ் கொடுத்தீங்களாக்கா?"

"நான் சொல்லலை?" என்றார் போங். "அவங்க வீட்டுல இருக்கிற நேரம் பாத்து ஏறுது."

"இருக்கிற நேரம் இல்லை. சாயந்திரம் ஆறுக்கு வந்துடுறாங்க, பத்து வரைக்கும் எண் ஏறலை. தூங்குற நேரம்தான் ஏறுது," என்றார் மேடம். "தூங்கிக்கிட்டே எவராலயும் தில்லுமுல்லு பண்ண முடியாது. அக்கா, நீங்க தூங்கப் போறப்ப இந்த அறையில என்ன மாறும்?"

சுனிம் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன மாறும்... விளக்கை அணைப்பேன். விரிப்பை எடுத்து விரிப்பேன். எந்திரிச்சா மடிச்சு அலமாரியில வச்சிடுவேன். எல்லார் வீட்டுலயும் செய்யறதுதானே."

சொல்லி முடித்ததும் அவர் கை அலமாரிக் கதவின் மேல் போய் நின்றுகொண்டது.

"திறங்க," என்றார் மேடம்.

"அழுக்கு விரிப்புங்க. வேணாம்."

"அக்கா, வெள்ளிக்கிழமைக்கு நடுவுல ஒரு நாள்தான் இருக்கு."

அந்த அம்மா விலகினார். என்னை எடுக்கச் சொல்லி மேடம் கண் காட்டினார். போர்வைகளுக்கு அடியில் மடித்திருந்த மெத்தை விரிப்பு ஒன்று. மேலே புதுசாகத் தைத்த பூப்போட்ட உறை. இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். தூக்கின மாத்திரத்தில் தெரிந்துபோனது.

பஞ்சு விரிப்பு அப்படிக் கனக்காது. கல்பொடி அடைத்த விரிப்பு அப்படிக் கனக்கும். அந்தக் கனத்தை நான் எத்தனையோ தடவை தோளில் சுமந்து மாடி ஏறியிருக்கிறேன். உறையின் ஓரத்தை விலக்கினேன். உள்ளே மூலைத் தையலில் வெட்டி எடுத்த கம்பெனிப் பேர்த் துணியின் மிச்சம், சரிவாக. நான் இடது கைக்காரன். நான் வெட்டினால் அப்படித்தான் சரியும்.

"என்ன அது?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லை மேடம். பழைய மெத்தை. பஞ்சு கெட்டிப்பட்டிருக்கு."

அதைச் சொன்னது என் வாய்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது, ஆனாலும் சொன்னேன். அதை மடித்துத் திரும்ப உள்ளே தள்ளவும் பார்த்தேன்.

"இரு. கருவியை அது மேல வை."

வைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைதான் எண் மாறும். நாலு பேரும் தரையில் உட்கார்ந்தோம். என் பார்லித் தண்ணீர் ஆறிப்போனது.

"எங்க வாங்கினீங்க?" என்று மேடம் கேட்டார்.

சுனிம் போங்கை ஒருமுறை பார்த்தார். அவர் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றார். காது மட்டும் உள்ளேதான் இருந்தது.

"நாலு வருஷத்துக்கு முன்னால சந்தைக்குப் பின்னாடி சாமான் விக்கிற ஒரு கூடம் இருந்துச்சுங்க. போனாலே கழிவறைக் காகிதமும் முட்டையும் கொடுப்பாங்க. பாட்டு, ஆட்டம். வீட்டுல யாரு நம்மகிட்ட பேசுறா? அங்க பேசுவாங்க. ஆரஞ்சு கலர்ல முடி வச்சிருந்த பையன் ஒருத்தன், மினுமினுன்னு கோட்டு போட்டுக்கிட்டு, எல்லாரையும் அம்மா அம்மான்னு கூப்பிடுவான். என் புருஷனுக்கு அப்பவே இருமல். நான் அதைச் சொன்னதும் அந்தப் பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டான். இந்தக் கல்பொடி விரிப்புல படுத்தா நல்ல காத்து சுரக்கும், நெஞ்சுச் சளி அறுத்துக்கிட்டுப் போயிடும்னான். வாங்கிட்டேன். அவருகிட்ட, குலுக்கல்ல பரிசு விழுந்துச்சுன்னு பொய் சொன்னேன். இந்த மாதிரிக் கல்பொடியில விஷ வாயு வருது, திருப்பிக் கொடுங்கன்னு டிவியில முன்னாடியே சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. டிவியில காட்டின கம்பெனிப் பேர் போட்ட துணி இதுல இல்லையே, இது வேறன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன் என்ன, அப்படியே இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன். ஏமாந்துட்டேன்னு யாருகிட்டங்க போய்ச் சொல்றது? மேல ஒரு உறையைத் தைச்சுப் போட்டு மறைச்சுட்டேன்."

சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். கருவி சின்னதாக ஓர் ஒலி எழுப்பியது. மேடம் எடுத்துப் பார்த்தார். ஆயிரத்து எண்ணூற்று முப்பது. "விரிச்சா அறை முழுக்கப் பரவுது, மடிச்சு மூடினா அலமாரிக்குள்ளேயே அடங்கிடுது," என்றார்.

போங் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் வீடு இல்லையா?" என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் குரல் உடைந்துபோய், "நான் உங்களைக் களவாணின்னு நெனச்சுட்டேனேம்மா," என்றார்.

சுனிம் அவர் முன்னால் போய்த் தலை தரையில் படக் குனிந்தார். "தெரு முழுக்க உங்க பேரைக் கெடுத்துட்டேன் ஐயா. நாளைக்கே போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"எந்திரிங்க, எந்திரிங்க. தரையாவது காஞ்சுச்சே. அதுவும் செய்ய வேண்டியதுதான், பத்து வருஷமா ஒத்திப் போட்டுட்டு இருந்தேன்." அவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் படியைப் பார்த்தார். வாசலில் இரண்டு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் கூனிக் குறுகி இருந்தார்கள். இரண்டு பேருமே தப்பு செய்யாதவர்கள்.

விரிப்பைப் பெரிய பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒட்டினோம். நானும் மேடமும் அதை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மேடம் போனில் கழிவு எடுக்கிறவர்களைக் கூப்பிட்டு, இது என்ன சாமான் என்று விவரம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அலமாரியைத் திறந்ததிலிருந்து உன் வாயிலிருந்து ஒரு ஜோக் வரலை. மூணு வருஷத்துல இப்படி ஒரு நாளை நான் பாத்ததில்லை."

பையின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினேன்.

"பஞ்சுன்னு எதுக்குச் சொன்னே?"

"மேடம், அந்த ஆரஞ்சு முடி..."

"தெரியுது. எங்கிட்டச் சொல்லாத. நான் அதுல படுக்கலை."

"அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியலை மேடம்."

"அதனால?"

அதனால் ஒன்றுமில்லை. கறுப்பு முடி, சாதாரண சட்டை. அப்படியே வண்டியில் ஏறிப் போயிருக்கலாம். அந்த அம்மாவுக்கு நாங்கள் நல்லது செய்தவர்கள். ஊறுகாய் கூடக் கட்டிக் கொடுத்திருப்பார். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது.

இன்னொன்றும் இருந்தது, மேடத்துக்குக் கூடத் தெரியாதது. டிவியில் செய்தி வந்த பிறகு அந்தக் கூடத்து முதலாளி ஆளுக்கொரு தையல் பிரிக்கிற கத்தியைக் கொடுத்தார். கூடத்தின் பின்கட்டில் உட்கார்ந்து, மீதம் இருந்த விரிப்புகளின் பேர்த் துணியை எல்லாம் வெட்டினோம். எதற்கு வெட்டுகிறோம் என்று எனக்குத் தெரியும். வெட்டிக்கொண்டே பாடினேன். அடுத்த நாள் மேடை ஏறி "அம்மா" என்றேன்.

படி இறங்கினேன். சுனிம் காலியான அலமாரியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"தம்பி, நாளைக்குள்ள இறங்கிடுமா?"

"காலையிலேயே இறங்கிடும்க்கா. அவரைத் தாராளமாக் கூட்டிட்டு வரலாம்." அப்புறம் சொன்னேன். "அந்த ஆரஞ்சு முடிக்காரன் நான்தான்."

துடைத்த கை நின்றது.

"அதுல விஷம் இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் உங்களுக்கு வித்தேன். பேர்த் துணியை வெட்டினதும் நான்தான். இன்னைக்கு அலமாரியைத் திறந்தப்பவே தெரிஞ்சுது. அப்பவும் பஞ்சுன்னு பொய் சொன்னேன்."

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் தேடினார். கோபத்தை எதிர்பார்த்து நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியே," என்றார். "அது நெஜமா அழுதியா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"இல்லைக்கா. கூட்டத்துக்கு ரெண்டு தடவை அழணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க."

அவர் துணியை மடித்து ஓரமாக வைத்தார். வாசலுக்கு வந்திருந்த மேடத்தைப் பார்த்து, "அவருக்கு வந்த நோய் இதனாலதானா?" என்று கேட்டார்.

"யாராலயும் சொல்ல முடியாதுக்கா. அவரு சிகரெட் பிடிச்சவரு, சுரங்கப்பாதை வேலை பாத்தவருன்னு ஐயா சொன்னாரு. இதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் ஏதாவது ஒண்ணு சொன்னா அது பொய்யாயிடும்."

"அப்ப என்னைக்குமே தெரியாது."

"தெரியாது."

 பிறகு சுனிம் என் பக்கம் திரும்பினார். குரலில் நடுக்கம் இல்லை.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவரைக் கூட்டிட்டு வருவேன். விரிப்பு எங்கன்னு முதல்ல கேப்பாரு. குலுக்கல் பரிசுன்னு நான் சொன்ன பொய்யை நான் சொல்லிடுறேன். உன்னோடதை நீ வந்து சொல்லு. அவரு கண்ணைப் பாத்துச் சொல்லு."

"வர்றேன்க்கா."

"அக்கான்னு கூப்பிடாத. அங்க அம்மான்னு கூப்பிட்ட, இங்க அக்கான்னு கூப்பிடுற. எனக்கு ஒண்ணும் வேணாம். நீ வந்தாப் போதும்."

நான் குனிந்து கும்பிட்டேன். அவர் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்.